புது கிரில்

அன்புள்ள அம்மாவுக்கு மஸ்கட்டிலிருந்து ஜூடு வணக்கத்துடன் எழுதுவது. நீயும் தங்கச்சி அனிஷாவும் சுகமா? மூட்டுவலி மாத்திரையை விடாமல் போடு. நான் நன்றாக இருக்கிறேன்.

அப்பாவோடு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அடக்கத்துக்கு வந்தார்களாம். மகன் எங்கே என்று கேட்டிருப்பார்கள். நான் ஏன் வரவில்லை என்று போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்கள் ஓட்டலுக்குக் கறி சுடுகிற புது கேஸ் கிரில் வந்தது. கம்பிகளைக் கழுவித் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்கிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் துருப்பிடிக்கும், கறி ஒட்டும். லீவு கேட்டேன். சூப்பர்வைசர் தர்மராஜ் நம் நல்லூர்க்காரர்தான். "வெள்ளிக்கெழம பார்ட்டி இருக்குது ஜூடு. ஒன்ன மாதிரி இத யாரும் பாத்துக்க மாட்டாங்க" என்றார். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். நீங்கள் அப்பாவைத் தூக்கிப்போன நேரத்தில் நான் கம்பிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

பார்ட்டி முடிந்ததும், "இப்பவாவது போயிட்டு வரேண்ணே" என்றேன்.

"அதான் அடக்கம் முடிஞ்சிடுச்சே, இனிமே போயி என்னா பண்ணப்போற?"

நான் கிரில்லைத் துடைக்கப் போய்விட்டேன்.

முப்பதாம் நாள் பூசையில் என் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல். அப்பாவின் துணிமணிகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. களிமண் படிந்த வேலைச் சட்டையை மட்டும் எனக்கு வை. துவைத்துவிடாதே அம்மா. கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன் மகன்
ஜூடு