காரம் கம்மியாக ஒரு பாட்டில்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. நெம்மேலியில் மல்லிகாவின் கருவாடும் காயாது. போன் போட்டுக் கேட்டேன், மாடியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாளாம்.

அவளுடைய ஆன்லைன் கடைக்கு இன்றைய வேலை:
– படங்களின் அளவைக் குறைப்பது. பக்கம் திறக்க ஒன்பது நொடி ஆகிறது. அதற்குள் ஆள் வேறு கடையில் வாங்கிக் கிளம்பிவிடுவான்.
– நெத்திலித் தொக்கு, குட்டி இறாலில் செய்யும் சென்னாக்குனிப் பொடி, வேர்க்கடலைப் பொடி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், தேடினால் கிடைக்கிற மாதிரி.
– பணம் கட்டும் பக்கம். பெரிய தலைவலி.

கூடையில் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாதியில் ஓடுகிறார்கள். ஏன் ஓடமாட்டார்கள்? கணக்குத் திற, பாஸ்வேர்டு வை, ஓ.டி.பி. அடி, பிறந்த தேதி சொல். ஒரு பாட்டில் தொக்குக்கு ஜாதகமே கேட்டு வைத்திருக்கிறான் முன்பு இதைச் செய்துகொடுத்த மகான். எல்லாவற்றையும் தூக்கினேன். இனி பெயர், முகவரி, பணம், அவ்வளவுதான். போன் நம்பர்கூட விருப்பமிருந்தால்.

வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது, கை இன்னும் துருப்பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. பால்காரருக்குச் சொல்ல வேண்டும், நாளை முதல் அரை லிட்டர் போதும்.

நவம்பர் 6, வியாழன்

படம் எடுக்க நெம்மேலி. செங்கல்பட்டிலிருந்து பஸ், திருக்கழுக்குன்றத்தில் இருபது நிமிடம் நின்றது. பின்சீட்டுக்காரர்: "பைக்குமா டிக்கெட் வாங்கிகிற யம்மா? எடுத்து மடியில வெச்சிக்கினு குந்து."

மல்லிகா வீடு வாடகை வீடு. பச்சை கேட், பின்னால் இரண்டு அடுப்பு, அதுதான் தொழிற்சாலை. செய்வதும் அடைப்பதும் அனுப்புவதும் அவள் ஒருத்தியே. மூன்றாவது படிக்கும் மகள் யாழினி லேபிள் ஒட்டுகிறாள், அதுவும் கோணலாக. அப்பா பற்றிப் பேச்சே கிடையாது. நானும் கேட்டதில்லை.

முகத்தைப் படம் எடுக்க விடவில்லை. "மூஞ்சி வேணாங்க்கா. பாட்டில எடு, அடுப்ப எடு, கைய வேணா எடுத்துக்கோ. பேரும் போடாத."

"மேப்புலயாவது போடறேன் மல்லிகா. மகாபலிபுரம் போற கார்க்காரங்க வழியில நிறுத்தி வாங்கிட்டுப் போவாங்க."

"அதுவும் வேணாங்க்கா."

கண்ணேறு பயமா, வீட்டு ஓனருக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா, கேட்கவில்லை. சரி என்றேன். வாய் சொன்னது, மனம் சொல்லவில்லை.

கரண்டி பிடித்த வலது கையை மட்டும் எடுத்தேன். புறங்கையில் விரல் முட்டி வரை ஒரு பழைய தீக்காயத் தழும்பு. அடுப்போடு மல்லுக்கட்டிய கை. படம் அள்ளுகிறது. தளத்தின் முகப்பில் முழு அகலத்துக்கு அதைத்தான் போடப் போகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். இரண்டு வாளித் துணி காய்ந்தது.

மேப்பில் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை திரும்பும்போது தெருமுனை, தண்ணீர்த் தொட்டி, பச்சை கேட் என்று நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தேன். சரிபார்க்க அதைக் கேட்டார்கள், கொடுத்தேன், ஒரே நாளில் ஒப்புதல். பணம் கட்டும் பக்கத்தில் 'நேரில் வந்து வாங்கிக்கொள்ள' என்று ஒரு வழியும் சேர்த்தாயிற்று. அதைத் தேர்ந்தெடுத்தால் வீட்டு எண்ணும் வழியும் தானாக மெயிலில் போய்விடும். கடைசி வரி நானே எழுதியது: 'உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.'

ஆர்டர் குவியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்போது திட்டமாட்டாள்.

தேடினால் முதல் பக்கத்தில் மூன்றாவதாக வருகிறோம். போன மாதம் கண்ணிலேயே படவில்லை. அவரிடம் காட்டினேன். "கருவாட்டை இத்தனை பேரா தேடறாங்க?" என்றார் என் கணவர். கல்பாக்கம் ஆபீஸில் சைவம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர், தொட்டுக்கொள்ள மட்டும் மூன்று முறை வந்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

எந்தச் சொல்லைத் தேடி மக்கள் கடைக்கு வருகிறார்கள் என்ற பட்டியல் இன்று வந்தது.
– கருவாட்டுத் தொக்கு ஆன்லைன்
– நெத்திலித் தொக்கு மகாபலிபுரம்
– சென்னாக்குனிப் பொடி செய்வது எப்படி (இவர்கள் வாங்கமாட்டார்கள்)
– செய்யூர் மல்லிகா தொக்கு

கடைசியாக இருப்பது மட்டும் பதினொரு முறை. தளத்தில் மல்லிகா என்ற பெயர் எங்கும் இல்லை. செய்யூரும் இல்லை. அவளுக்கு அது சொந்த ஊர்ப்பக்கம் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

சிரித்துக்கொண்டே போன் போட்டேன். "உனக்கு ரசிகர் மன்றமே இருக்கு போல மல்லிகா. பேர் போட்டு ஊர் போட்டுத் தேடறாங்க." உடனே போனை வைத்துவிட்டாள்.

அரைமணி கழித்து அவளே கூப்பிட்டாள். கடல் சத்தம் கேட்டது, மகளின் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கிறாள். சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அவுரு பேரு கோபி. லாரி ஓட்றாரு. மூணு வருசத்துக்கு முன்னால ஒரே ஒரு பையோட புள்ளயத் தூக்கினு வந்துட்டேன். ஊர்ல நான் பெங்களூர்ல கீறேன்னு நெனச்சிகினு கீறாங்க. காரம் தூக்கலா போட்டுட்டேன்னு கைய அடுப்பு மேல வெச்சி அமுக்கினாரு க்கா. புள்ள பாத்துகினே இருந்திச்சி. போனா தேடி வந்து முடிச்சிருவேன்னு அப்பவே சொன்னாரு."

பிறகு: "அந்தக் கையவா போட்டுகிற?"

ஆமாம் என்றேன்.

"மேப்புல?"

அதற்கும் ஆமாம் என்றேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தழும்பு யாருக்குத் தெரியாவிட்டாலும் அதைப் போட்டவனுக்குத் தெரியும்.

நவம்பர் 12, புதன்

ராத்திரி தூக்கமில்லை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன்.
– கைப் படம்: எடுத்தாயிற்று.
– மேப்: எடுக்கச் சொல்லி விண்ணப்பித்தாயிற்று. 'பரிசீலனையில்' என்கிறது. அதுவரை புள்ளி அங்கேயே இருக்கும்.
– தேடினால் பழைய படம் இன்னும் சின்னதாக வருகிறது. அதற்கும் விண்ணப்பம். அதுவும் பரிசீலனையில்.

மேலே ஏற்றப் பத்து வழி தெரியும் எனக்கு. இறக்க ஒரு வழி தெரியவில்லை. இதே வேலைக்குத்தான் போன வாரம் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

11.20க்கு ஒரு ஆர்டர். நெத்திலித் தொக்கு, ஒரு பாட்டில். பெயர் இருக்கும் இடத்தில் 'கஸ்டமர்'. போன் நம்பர் இல்லை. நேரில் வாங்கிக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை. குறிப்பு: 'எப்பவும் போல காரம் கம்மியா.'

முதல் தடவை வாங்குகிற ஆள்.

நேரில் வாங்கும் வழியை மூட மறந்திருக்கிறேன். படத்துக்கும் மேப்புக்கும் ஓடினேனே தவிர இது ஞாபகமே வரவில்லை. வீட்டு எண், தெரு, பச்சை கேட், எல்லாம் மெயிலில் போய்விட்டது. காத்திருக்கிறோம் என்ற வரியோடு.

மல்லிகாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "அவுருதான்" என்றாள். ஸ்கூலுக்கு ஓடினாள், யாழினியைக் கூட்டி வர.

நவம்பர் 13, வியாழன்

மகளிர் காவல் நிலையம். மனு நான் எழுதினேன், மல்லிகா கையெழுத்து. எழுத்தர் ஆர்டரை இரண்டு முறை படித்தார். "மிரட்டல்னு இதுல இன்னாம்மா கீது? காரம் கம்மியா கேட்டுகிறான்." பழைய காயத்துக்கு அப்போது புகார் கொடுத்த சீட்டு உண்டா என்றார். இல்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்து வைத்தார்களாம், கை ஆறுவதற்குள். கடைசியில் ரசீது தந்தார்கள். ஞாயிறு அந்தப் பக்கம் வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

நேரே ஆட்டோவில் நெம்மேலி போய் மல்லிகாவையும் யாழினியையும் செங்கல்பட்டுக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இரண்டு பை, ஒரு மிக்ஸி, பதினெட்டு பாட்டில். என் கணவர் சமையலறை வாசலில் என்னை நிறுத்தி, "எத்தனை நாளைக்கு?" என்றார். தெரியாது என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. சாயந்திரம் யாழினிக்குக் கலர் பென்சில் வாங்கி வந்தார். நல்ல மனுஷன்தான், பயந்திருக்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

மேகமூட்டம். ஒருவரும் வெளியே போகவில்லை. யாழினி வரைந்தாள். வீடு, வேலி, நாய். வீட்டுக்குக் கதவு வைக்க மறந்துவிட்டாள், நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நெம்மேலி எதிர்வீட்டு அக்கா மல்லிகாவுக்குப் போன். ஸ்பீக்கரில் கேட்டேன்: "உன் வூட்டாண்ட ஒருத்தரு வந்தாரு. கேட்டத் தட்டல, ஒன்னும் கேக்கல. டீ குடிச்சிகினு முக்கா மணி நேரம் கேட்டப் பாத்துகினே நின்னாரு. போட்டோ எடுத்தாரு. சிரிச்சிகினே போனாரு. யாருடி அது, அண்ணனா?"

போலீஸ் வண்டி இரண்டு மணிக்கு வந்ததாம்.

மல்லிகா சாதம் வடித்தாள். கஞ்சி காலில் கொட்டியது, ஒரு சத்தம் போடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

கடையை மூடிவிடலாம் என்றேன். முதல் முறையாகக் கோபப்பட்டாள். "கடைய மூடாதக்கா. என்னுதுன்னு கீறது அது ஒன்னுதான். அதையும் அவுருக்காவ விடணுமா?"

மூடவில்லை. ஆனால் இறுக்கினேன்:
– நேரில் வாங்குவது: கிடையாது.
– போன் நம்பர்: கட்டாயம்.
– மேப் புள்ளி: இன்று போயே போய்விட்டது. அப்பாடா.
– தளத்தில் முகவரி: எங்கும் இல்லை. நான்கு முறை தேடிப் பார்த்தேன்.
– கூரியர்காரர் பார்சல் எடுக்க நெம்மேலிக்குப் போகக் கூடாது. எடுக்கும் முகவரியை நம் வீட்டுக்கு மாற்றினேன்.
– ஆர்டர் வந்ததும் கூரியர் சீட்டு தானாகவே பிரிண்டரில் வருகிற மாதிரி வைத்தேன். மல்லிகா கணினியைத் தொட பயப்படுகிறாள்.

நவம்பர் 19, புதன்

வீடு முழுக்கக் கருவாட்டு வாசம். மாடிவீட்டு மாமி படியிறங்கி வந்தார், சண்டைக்கு என்று நினைத்தேன். "ஆத்துல தெரிஞ்சா கொன்னுடுவா, ஒரு ஸ்பூன் குடேன்" என்றார். மல்லிகா வாய்பொத்திச் சிரித்தாள். வந்த ஏழு நாளில் முதல் சிரிப்பு.

நேற்று பதினான்கு பார்சல் போயிற்று. உள்ளூர்ப் பார்சல் எல்லாம் இன்று காலையே சேர்ந்துவிட்டதாகச் செய்தி. ஒவ்வொரு பெயரையும் பார்த்துத்தான் அனுப்பினேன். கோபி இல்லை, 'கஸ்டமர்' இல்லை, காரம் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு சுகுணா, இரண்டு ரமேஷ், மதுராந்தகத்தில் ஒரு டீச்சர்.

கொஞ்சம் மூச்சு வருகிறது. யாழினியை இங்கேயே ஸ்கூலில் சேர்ப்பது பற்றிப் பேசினோம். கேஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

மழை. அவர் ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். மல்லிகா அடுப்பில். யாழினி ஹாலில் லேபிள் ஒட்டுகிறாள்.

9.10. பிரிண்டர் ஓடியது. ஒரு ஆர்டர். நெத்திலித் தொக்கு, ஒரு பாட்டில்.

பெறுபவர்: கோ. யாழினி.

ஸ்கூலில் அவள் ம. யாழினி. அம்மாவின் எழுத்தைத்தான் மல்லிகா இனிஷியலாகப் போட்டிருக்கிறாள். 'கோ' போட்டு எழுத இந்த உலகத்தில் ஒருவன்தான் உண்டு. போன் நம்பர் கட்டாயம் என்று வைத்திருந்தேன் அல்லவா, கொடுத்திருக்கிறான். பத்து இலக்கமும் சரியாக. மறைக்க அவனுக்கு இனி அவசியமில்லை.

முகவரியைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். எப்படி, எப்படி? இன்று போக வேண்டிய பார்சல் ஒன்று மேஜையில் கிடந்தது, திருப்பினேன். கூரியர் சீட்டின் கீழ் மூலையில், பொடி எழுத்தில், அனுப்புநர். எடுக்கும் முகவரி எதுவோ அதுவே தானாக அச்சாகும். தளத்தில் நான்கு முறை தேடினேன். சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. சுகுணாவோ, ரமேஷோ, டீச்சரோ, பதினான்கில் ஒன்று அவன் கைக்குப் போயிருக்கிறது.

இன்று வந்த ஆர்டரின் சீட்டு என் கையில். அனுப்புநர் என்ற இடத்தில் என் வீட்டு எண், என் தெரு, செங்கல்பட்டு. பெறுநர் என்ற இடத்திலும் என் வீட்டு எண், என் தெரு, செங்கல்பட்டு.

மல்லிகா உள்ளிருந்து கேட்கிறாள்: "இன்னிக்கி எத்தினி பாட்டில் க்கா?"