கூட்டிக்கொண்டு போனது ஆர்?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அயன் பெட்டி பழுதாகிவிட்டது. கோயிலுக்குக் கட்டச் சேலையை எடுத்து வைத்திருந்தவர், கராஜுக்குள் போய்ப் பழைய பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அது சூடேறியதும் குசினி வரைக்கும் மெழுகு மணந்தது. மெழுகுதிரி மணமில்லை. கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் றப்பரும் கலந்த மாதிரி ஒன்று, குளிர்காலம் முழுக்க உன் சட்டைகளில் இருந்த மணம். பனியில் சறுக்கும் உன் ஸ்கீ மட்டைகளின் அடியில் மெழுகை உருக்கித் தேய்க்க நீ களவெடுத்த பெட்டிதான் அது. கேட்கும்போதெல்லாம் "நான் தொடவே இல்லை அக்கா" என்று கண் சிமிட்டாமல் சொன்னாய். நான் நம்பியதில்லை. இப்போது தடயம் கிடைத்துவிட்டது, ஏசுவதற்கு ஆள்தான் இல்லை.

அம்மா சேலையை மடித்து வைத்துவிட்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

என் வேலை சந்தேகப்படுவது என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். பொய்யில்லை. இன்சூரன்ஸ் கம்பனியில் இருந்துகொண்டு, ரோட்டில் மோதிக்கொண்டவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு, பிழை யாரில் என்று பார்ப்பதுதான் என் சாப்பாடு. "அக்கா கோயிலில விபூதி வாங்கினாலும் ஐயர் மற்றக் கையில என்ன வைச்சிருக்கிறார் எண்டுதான் பார்ப்பா" என்று என் கலியாண வீட்டிலேயே மைக்கில் சொன்னவன் நீ. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அதில் யார் உண்மையாகச் சிரித்தது, யார் பல்லைக் காட்டியது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்படிப்பட்ட என்னிடம் நீ ஒரு சாவை விட்டுவிட்டுப் போனாய்.

போன ஓகஸ்டில், இந்த நாட்டுக் குளிர்காலத்தில், நீயும் உன் சிநேகிதன் ரூபனும் மலைக்குப் போனீர்கள். பனிச்சறுக்குத் திடலின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே, மலையின் பின்பக்கத்தில், பனி இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்த ஒரு சரிவில் நீ வழுக்கி விழுந்து பாறைகளில் அடிபட்டாய். எங்களுக்கு வந்த செய்தி இவ்வளவுதான். மிச்சத்தை ஆளுக்கு ஆள் தங்களுக்குத் தோதான பக்கம் இழுத்தார்கள். திடல்காரர் அறிக்கை விட்டார்கள். அதில் "எல்லைக்கு வெளியே" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. உன் பனிச்சறுக்குக் கூட்டாளிகள் வந்து என் கையைப் பிடித்து, தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போனான், அது அவனுடைய முடிவு, அவனுடைய பொறுப்பு என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாராவது "அவனுடைய பொறுப்பு" என்று ஒரே மூச்சில் பலதரம் சொன்னால், தன் கையைக் கழுவுகிறான் என்றுதான் என் காதில் விழும். எங்கள் ஆட்களோ, "பனியில எங்கட சனத்துக்கு என்ன வேலை?" என்றார்கள். நீ கிரிக்கெட் பந்து பட்டுச் செத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திராது. நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அழுவதைவிட அது லேசாக இருந்தது.

செத்தவீட்டில் அம்மா உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அழவில்லை. மண்டபம் நிறையச் சனம். திடீரென்று தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"என்ர பிள்ளையை அங்க கூட்டிக்கொண்டு போனது ஆர்?"

எங்கள் சனத்தில் ஒருவர் தானாகச் சாவதில்லை. யாராவது கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், யாராவது பழக்கியிருக்க வேண்டும், குறைந்தது யாருடைய நாவூறாவது பட்டிருக்க வேண்டும். ரூபன் பின்வரிசையிலிருந்து எழும்பி வந்தான். கை இரண்டிலும் கட்டு. அம்மாவுக்கு முன்னால் நின்று, "நான்தான் அன்ரி கூட்டிக்கொண்டு போனனான். நான் முன்னுக்குப் போனனான், அவன் எனக்குப் பின்னால வந்தவன்" என்றான். அம்மா அவனை ஏசிய ஏச்சு உனக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை நின்றான்.

அன்றிலிருந்து ரூபன் "கூட்டிக்கொண்டு போனவன்" ஆகிவிட்டான். மன்னாரிலிருந்து வந்து, கம்பசில் உன் அறைத்தோழனாகி, எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒருதரம் சாப்பிட்டுப் போன பிள்ளை. ரோவில் பக்கம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அவன் தட்டோடு போய் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழும்பிப் போனதை நான் பார்த்தேன். தாய்மார் தங்கள் பிள்ளைகளிடம் "உவன்ர காரில ஏறாதை" என்றார்கள். டூங்கபியில் அவனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டாரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். நானும் அந்த மேசைக்குப் போகவில்லை. தட்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று அவனைக் கவனித்தேன்.

எனக்கு உறுத்தியது அவன் செய்த குற்றமல்ல, அதை ஒப்புக்கொண்ட வேகம். என் வேலையில் "என் பிழைதான்" என்று யாரும் கேட்ட உடனே சொல்வதில்லை. சிவப்பு விளக்கில் போனவன்கூட, விளக்கு மாறிக்கொண்டிருந்தது என்பான். முன்னுக்கு வந்து பழியை வாங்கிக்கொள்கிறவர் அநேகமாக வேறு யாருக்கோ மறைப்புக் கட்டுகிறவர். லைசன்ஸ் இல்லாத புருஷனுக்காக "நான்தான் ஓட்டினேன்" என்று எத்தனை மனைவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் முதலில் நான் நினைத்தது மோசமான ஒன்று. இவன் இதைவிடப் பெரிய எதையோ ஒளிக்கிறான், உன்னை விழவிட்டுவிட்டு ஓடியிருக்கிறான், கையில் கட்டு அதற்கு நடிப்பு. உன் சிநேகிதனைப் பற்றி அப்படி நினைத்தேன். நீ இருந்திருந்தால் என்னோடு ஒரு மாதம் கதைத்திருக்கமாட்டாய்.

இன்னொன்றும் இடித்தது. ஒருதரம் என்னையும் அந்த மலைக்குக் கூட்டிப்போனாயே. நான் குழந்தைகளோடு குழந்தையாக விழுந்தெழும்பிக் களைத்த பிறகு, ஒரு ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினாய். "இதுக்கு உள்ளுக்கை திடல்காரர் எங்களைப் பார்ப்பினம். வெளியில நாங்கள்தான் எங்களைப் பார்க்கோணும்" என்றாய். உன் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம். "வெளியில விழுந்தால் தேடி வாறவனை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டேன். "உனக்கு எங்கையும் வழக்குத்தான்" என்று சிரித்தாய். பேச்சு மாறும் இடத்தை நான் விடுவதில்லை, அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன். அந்தக் கயிற்றை நீ பார்த்த பார்வையில், இன்னொருவன் கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆளாக நீ தெரியவில்லை. ரூபனோ பனிச்சறுக்குப் பழகத் தொடங்கி, நீ விழுந்தபோது இரண்டாவது குளிர்காலம். பழக்கியது நீ. கடைக்குப் போனாலும் முன்னால் நடக்கிறவன் நீ. நீ அவனுக்குப் பின்னால் போனாயாம்.

மரண விசாரணையின் முடிவு வரக் காலம் எடுக்கும் என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. தை மாதத்து ஒரு சனிக்கிழமை, கோடை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த மத்தியானம், டண்டினோங்கில் அவனுடைய பிளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என்னைக் கண்டதும் வழி விட்டான். கையில் கட்டு இல்லை. விரல் நுனிகளில் தோல் வேறு நிறமாக வளர்ந்திருந்தது.

"எனக்கு அண்டைக்கு நடந்ததைச் சொல்லு" என்றேன். "ஆனால் பின்னுக்கிருந்து முன்னுக்குச் சொல்லு. மீட்புக்காரர் வந்ததில இருந்து தொடங்கு."

இது எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி. கட்டிய கதையை முன்னிருந்து பின்னுக்குச் சொல்லலாம். பின்னிருந்து முன்னுக்குச் சொன்னால் தையல் பிரியும்.

"அவையள் வரேக்கை நான் அவனுக்குப் பக்கத்தில இருந்தனான்."

"அதுக்கு முன்னம்?"

"இறங்கி வந்தனான்."

"எப்பிடி?"

"நடந்து. பூட்ஸால ஐஸைக் குத்திக் குத்தி, கையால பிடிச்சுப் பிடிச்சு. கிளவ்ஸ் கிழிஞ்சு போச்சுது."

"ஸ்கீ எங்க?"

"கயிற்றடியில கழட்டி வைச்சிட்டு..."

அவன் நிறுத்திவிட்டான். முன்னுக்குப் போனவன் ஸ்கீயோடு போயிருப்பான். கயிற்றடியில் கழற்றி வைத்தவன் கயிற்றைத் தாண்டவே நினைக்காதவன்.

பிறகு அவன் ஒழுங்காகச் சொன்னான். கயிற்றில் எச்சரிக்கைப் பலகை தொங்கியதாம். முதல் நாள் வெயிலில் உருகி, இரவில் இறுகிய பனி. "இண்டைக்கு வேண்டாம் மச்சான்" என்று அவன் சொன்னானாம். "பயமெண்டால் நில்லு, நான் கீழ இருந்து கூப்பிடுறன்" என்று நீ சொல்லிவிட்டுக் குனிந்து கயிற்றுக்கு அடியால் போனாயாம். அவன் கேட்டது உன் குரலை அல்ல, உன் ஸ்கீ பனியில் கீறிக்கொண்டு போன சத்தத்தை. உதவிக்குப் போன் அடித்துவிட்டு இறங்கியிருக்கிறான்.

"போலீசுக்கு உள்ளதைத்தான் சொன்னனான் அக்கா" என்றான். "அன்ரி கேட்டவ. பெட்டிக்குள்ளை அவன் கிடக்கிறான். உங்கட பிள்ளைதான் சொல்வழி கேளாமல் போனவன் எண்டு நான் அந்த இடத்தில எப்பிடிச் சொல்லுறது?"

"அதுக்காக நீ..."

"நான் ஒருக்கால்தான் வேண்டாமெண்டனான். ரெண்டாந்தரம் சொல்லேல்லை. கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாம்."

அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் மிச்சம் முழுவதையும் தலையில் ஏற்றியிருக்கிறான். எங்கள் அலுவலகத்தில் பிழையைப் பங்கு பிரிப்போம், இவருக்குக் கூட, அவருக்குக் குறைய என்று. அங்கே உட்கார்ந்து நான் பிரித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமாகப் பிரித்தாலும் உன் பக்கம்தான் கூடியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி டண்டினோங்கில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதே?" என்றார். "அவன் ஆருக்குப் பின்னால போனவன், சொல்லு பாப்பம்."

"தெரிஞ்சுகொண்டோ அம்மா அந்தப் பிள்ளையை அப்பிடி ஏசினீங்கள்?"

"செத்துக் கிடக்கிற பிள்ளையை ஏசலாமே? ஆரையாவது ஏச வேணும்போல கிடந்தது. அவன் வந்து முன்னுக்கு நிண்டான்."

எனக்கு அவரில் வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை காலமும் ஊரைச் சந்தேகப்பட்டேன், திடலைச் சந்தேகப்பட்டேன், அந்தப் பிள்ளையைக் கொலைகாரனாகவே பார்த்தேன். எங்கள் குசினிக்குள் இருந்தவரை மட்டும் விட்டுவிட்டேன். இனி இவர் வாய் திறக்கமாட்டார், உன் பெயரைக் காப்பாற்ற ரூபனை அப்படியே விட்டுவிடுவார் என்றும் நினைத்தேன்.

சித்திரையில் டூங்கபியிலிருந்து போன் வந்தது. பெண்ணின் தாய். பெண் வேறு ஒருவரையும் பார்க்கமாட்டேன் என்று நிற்கிறாளாம், அதனால் நேரே எங்களிடமே விசாரிக்க எடுத்திருக்கிறார். கலியாணத்துக்கு விசாரிக்கும்போது கெட்டது சொல்லத் தேவையில்லை என்பது உனக்குத் தெரியும். "எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை" என்றால் போதும், சம்பந்தம் முறிந்துவிடும். அம்மா அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் போனைப் பறிக்கிற தூரத்தில் நின்றேன்.

"ஓம், எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் அம்மா. "என்ர மகன் தன்ர பாட்டில போனவன். இந்தப் பிள்ளை மறிச்சவன். அவன் கேக்கேல்லை. விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு வர இறங்கினவன் ரூபன். நான்தான் சபையில மாறிச் சொல்லிப்போட்டன். நீங்கள் யோசியாமல் பிள்ளையைக் குடுங்கோ."

போனை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செத்தவீட்டில் வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. நீ குற்றவாளி என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்டதும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எனக்கும் உன்னில் கோபப்பட முடிந்தது. பனியைத் தெரியும் என்றாய், ஆபத்தென்று தெரிந்தால் திரும்பி வருவேன் என்றாய். உனக்குத் தெரிந்திருந்தது, நீ திரும்பவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று நான் சொன்னால் நம்பாதே.

வைகாசியில் கலியாண அழைப்போடு ரூபன் வீட்டுக்கு வந்தான். அம்மா அவனைச் சாப்பிட இருத்தி, தானே பரிமாறினார். அவன் கை கழுவி வந்த பிறகு, வேறு எதையோ கேட்கிறவர் மாதிரி மெல்லக் கேட்டார்.

"தம்பி, அவனுக்கு நொந்ததோ? ஏதும் கதைச்சவனோ?"

"இல்லை அன்ரி" என்றான் ரூபன். "நான் போகமுதலே முடிஞ்சுது. அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது."

உடனே சொன்னான். செத்தவீட்டில் சொன்ன அதே வேகம், அதே குரல். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ரூபன் என்னைப் பார்த்தான். பின்னுக்கிருந்து முன்னுக்குச் சொல்லு என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்த பார்வை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன். அன்றும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். நீ அந்தப் பாறையடியில் எவ்வளவு நேரம் கிடந்தாய், அவனிடம் என்ன சொன்னாய் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.