பனிமலையில் குதிரை தெரிகிறது

என் பேத்திக்கு,

அன்று பாலத்தருகே நின்றவர்கள் கீழ்வயல் தொகுரோ, அவன் மனைவி நட்சுவே, நான், ஆற்றுவெள்ளத்தைக் கணக்கிடும் கணினியோடு நீ. மலைப்பனிமேல் மழை கொட்டியது. "தண்ணி கரையேறாது பாட்டி" என்றாய். "அப்ப சாக்கே மது குடிக்கப் போலாம்" என்று சிரித்தான் தொகுரோ.

உன் கணக்கில் மேல்மலை இன்னும் அடர்காடாகவே இருந்தது. பனிச்சறுக்குக்காக அதை மொட்டையடித்தது உன் வரைபடத்தில் ஏறவில்லை. மரமில்லாத சரிவின் பனியெல்லாம் ஒரே மழையில் உருகி இறங்கி, தொகுரோவின் நாற்றுக் கொட்டகையை வாரிக்கொண்டு போனது. மறுநாள் ரயிலேறிய நீ, பிறகு வரவேயில்லை.

இப்போது மலையில் பனி கரைந்து, விதைப்புக்கு நாள் குறிக்கும் குதிரை உருவம் தெரிகிறது. ஊரே விதைக்கிறது. மூங்கிலிலையில் மாவுருண்டை கட்டினேன், உன் பங்கையும் சேர்த்து. அதைத் தின்றுவிட்டுத் தொகுரோ சொல்கிறான்: "நாத்துதானே போச்சு, நானா போனேன்? பொண்ண வரச் சொல்லுங்கம்மா."

காட்டை விற்ற என் தம்பி கென்சாகுவைக்கூட மன்னித்தேன், அவன் செத்த பிறகுதான் என்றாலும். கணக்கு தவறியதை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. ஆனால் வாசலை இப்படி வெறுமையாக விட்டுவைத்திருக்கிறவளை மன்னிக்கவே மாட்டேன். அது நீதான், மிசாவோ.

ரயில் சத்தம் கேட்டாலே எழுந்து பார்க்கும்
உன் பாட்டி