பாலத்தில் எத்தனை கோபுரம்

மார்ச் 4, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கட்டடக்கலைப் படிப்பு என்பது பாதி நாள் ஊர் சுற்றுவதுதான் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. ஆற்றுப் பாலம், பழைய ரயில் நிலையம், மணிக்கூண்டு எல்லாம் பார்த்தாயிற்று. அப்பா பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தாரே, நீ கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவாயே, அதில் இருக்கிற இடங்கள்தான் எல்லாம். பாலத்தில் நின்றபோது உன்னைத்தான் நினைத்தேன். சத்தியமாக.

ஒரு வில்லங்கமும் உண்டு. பார்த்த இடங்களில் எட்டை, அங்கேயே நின்று வரைந்து, மே பதினாறாம் தேதி பேராசிரியரிடம் நோட்டாகக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் இடம் போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குக் கோடு வராது என்பது உனக்குத் தெரியாததா? நீ வரைந்து அனுப்பேன். பார்த்து வரையப் புகைப்படங்கள் வைத்திருக்கிறேன். கல்லூரித் தாழ்வாரத்தில் எடுத்தது அம்மாவுக்கு.

உன் செல்ல,
வாலு


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. தொலைக்காட்சியை நோக்கி நடக்கும்போது வலிப்பதில்லை. நான் என்ஜினியர் அலுவலகத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். வீடு அல்ல, வீட்டின் சாக்கடைக் குழாய். இந்த வாரம் மட்டும் நாற்பது கழிப்பறை.

படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் நீதான் நடுவில். பாலம் பாவம், உன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஒரு தடவையாவது நீ திரும்பி அதைப் பார்த்தாயா? தாழ்வாரப் படத்தை மட்டும் வெகுநேரம் வைத்துப் பார்த்தேன். "தங்கச்சிய அவ்வளவு தேடுதாடி?" என்று அம்மா கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

உனக்கு மறந்திருக்கும். அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நானும்தான் இருந்தேன். அனுப்ப வேண்டிய வாரத்தில், விண்ணப்பத்தோடு வைக்க நான் வரைந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்த பத்துப் படங்களும் காணாமல் போயின. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாய். நானும் நம்பி எலிப்பொறி வாங்கி வைத்தேன். ஒரு வருஷமாக எதுவும் விழவில்லை.

எட்டையும் வரைந்து தருகிறேன். என்னை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. நீ தெய்வம். உடனே கையெழுத்துப் போட்டு நோட்டில் ஒட்டிவிட்டேன். நிதானமாகப் பார்க்க நேரமில்லை, கடற்கரைக்குப் போகும் பேருந்தில் தோழிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் நிறையப் படம் எடுத்தோம், அடுத்த தபாலில் வரும்.

எலிக் கதையை இன்னுமா நீ விடவில்லை? நான் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்ந்தேன் என்று அப்போதே சொன்னேனே. உன் வேலையும் ஒன்றும் மோசமில்லை. குழாயையும் யாராவது வரையத்தானே வேண்டும்?

வாலு


மே 17

தங்கைக்கு,

நேற்று உன் பேராசிரியர் நோட்டைப் புரட்டியிருப்பார். நான் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். இனிப்பு வாங்கி வந்து தின்றேன். "என்னடி விசேஷம்?" என்றாள் அம்மா. அவளுக்கும் ஒன்று கொடுத்தேன்.

அந்தத் தாழ்வாரப் படத்தில், உன் தலைக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது நம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது தூணில் விரிசல். அந்த விரிசலுக்காக மூன்று நாள் வெயிலில் நின்றேன். கீழே உன் பெயர். திருடிய பொருளையாவது ஒரு தடவை பார்த்திருக்கலாம். அதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறாய்.

அதனால்தான் உன் எட்டுப் படத்தையும் அப்பாவின் புத்தகத்தைப் பார்த்து வரைந்தேன். எழுபது வருஷத்துக்கு முந்தைய புத்தகம். அதில் பாலத்துக்கு நான்கு விளக்குக் கோபுரம். இப்போது மூன்றுதான் நிற்கிறது, உன் தோளுக்கு மேலே எண்ணினேன். மணிக்கூண்டின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் சேவல் வைத்தேன், இன்று அங்கே இருப்பது இடிதாங்கி. ரயில் நிலையத்துக்கு, இடித்துப்போட்ட மாடத்தைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். அங்கேயே நின்று வரைந்ததாக எந்த முகத்தோடு சொன்னாயோ.

ஒட்டும்போது கொஞ்சம் பார்த்திருந்தால் தப்பித்திருப்பாய். பார்க்க மாட்டாய் என்று தெரிந்துதான் வரைந்தேன். எனக்கு வருத்தமில்லை. வயிறு குளிர்ந்திருக்கிறது. எலிப்பொறியை இன்று எடுத்துவிட்டேன்.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

நீ நினைத்தபடியே நடந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நாலாவது கோபுரம் நான் பொறக்கறதுக்கு முன்னாடியே புயல்ல விழுந்துடுச்சு. நீ எங்கம்மா நின்னு பாத்த?" என்றார். பென்சிலைக் கையில் கொடுத்து, எதிரே இருந்த நாற்காலியை வரையச் சொன்னார். நான் போட்ட நாலு காலும் நாலு பக்கம் போயின. வகுப்பே சிரித்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கட்டிலுக்கடியில் எடுத்த பத்தையும் சேர்த்து. இடம் போய்விட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அவர் தாழ்வாரத்துக்குப் போய், உன் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "இந்த எடம் உங்க அக்காவுக்குத்தான். பரீட்சையெல்லாம் வேண்டாம். ஜூன் முப்பதுக்குள்ள வர்றேன்னு பதில் போட்டா போதும். முகவரி எழுதிக் குடு, இன்னிக்கே கடிதம் போடறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நாம் சின்ன வயதில் குடியிருந்த வாடகை வீட்டின் முகவரி. அதை இடித்துத் தரைமட்டமாக்கி ஏழு வருஷம் ஆகிறது. இல்லாத கோபுரத்தை நீ எனக்கு வரைந்து கொடுத்தாய் அல்லவா? நேற்றோடு கெடு முடிந்தது. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம், காலையில் போய்க் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ குழாயே வரை.

வீட்டுக்கு நான் வரவில்லை. ஊர் சுற்றிக் காட்டும் பேருந்து ஒன்றில் டிக்கெட் கிழிக்கிறேன். அம்மாவிடம் நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

நேற்று சாயங்காலம் பாலத்துக்குப் போனேன். படம் எடுக்க யாரையும் கூப்பிடவில்லை. மூன்றுதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

இப்படிக்கு,
எலி