வெயிலில் வந்த வெள்ளம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சண்டை போடவும் தெம்போடு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ரேடியோவோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். அத்தை காட்டில் அப்படி என்னதான் செய்கிறார் என்று மாப்பிள்ளை கேட்டாராமே, நீயே சொல்லிவிடு. காட்டுக்குள் மழைமானிகள் வைத்திருக்கிறோம், கீழே ஓடையின் குறுக்கே ஒரு சின்னத் தடுப்பும் அளவுகோலும் இருக்கின்றன, பெய்த மழையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் ஓடையில் எவ்வளவு தண்ணீர் எப்போது வரும் என்று அது சொல்ல வேண்டும், அதைச் சொல்லவைப்பதுதான் என் வேலை. கையளவு காடு, இடுப்பளவு ஓடை, ஆனால் இத்தனை வருஷமாக எனக்குப் பிடிகொடுக்கவில்லை.

மழைச் செய்தி பார்த்துவிட்டு, நடந்ததை மறைக்காமல் எழுது என்றாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு படி. பெருமழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் சொன்னதும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஓடை கரை தாண்டும் என்று வந்தது. உடனே கரையோர வீட்டுக்காரர்களையும் பேக்கரிக்காரர் குடும்பத்தையும் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். மழை பகல் முழுக்கக் கொட்டியது. ஓடை கொஞ்சம் கலங்கி, கொஞ்சம் ஏறி, சமர்த்தாக இறங்கிவிட்டது. மறுநாள் துடைத்துவிட்டதுபோல வானம், பளிச்சென்று வெயில். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க, பாவம், அது வெயிலக் கூட வெள்ளம்னு நெனச்சிடும்போல, இங்க என் மாவெல்லாம் புளிச்சுப்போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி கைக்குழந்தையோடு வெறும் தரையில் படுத்திருந்தாள், அவள் மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு அதுதான் உறுத்தியது. மத்தியானம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார் எங்கள் மேலதிகாரி. ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். உண்மையில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல்தான் போனேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் என்னவோ வேறு உலகம். வெளியே வெயில், உள்ளே இலைகளிலிருந்து இன்னும் மழை சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் வெளிச்சத்தில் நின்று நின்று இறங்குவதுபோல இருந்தது. சருகு மேல் கால் வைத்தால் ஈர மெத்தை மேல் நடப்பதுபோல அமுங்கியது, காலை எடுத்தால் செருப்பின் தடத்தில் தண்ணீர் தானாக ஊறி நிரம்பியது. ஒருநாளும் ஊற்று இல்லாத சரிவில், வேருக்கு அடியிலிருந்து கண்ணாடிபோலத் தண்ணீர் சத்தமில்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. காய்ந்து கிடந்த மண் முதலில் எல்லாவற்றையும் குடித்திருக்கிறது, இப்போது வயிறு நிறைந்து, நிலத்துக்கு அடியிலேயே கீழே இறங்குகிறது. என் கணக்கில் அளவு சரி, நேரம்தான் தப்பு. வெள்ளம் போகவில்லையடி, இன்னும் வந்துசேரவேயில்லை!

இந்த வயதில் ஓடினேன் என்றால் நம்புவாயா? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "வெயில் அடிக்குதும்மா, நான் மேல என்ன பதில் சொல்றது?" என்றார் அதிகாரி. என் பேரைச் சொல்லுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டபோது இந்தமுறை யாரும் சிரிக்கக்கூட இல்லை. பேக்கரிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். அப்போது அவர் மனைவி, "பொய் சொல்லி அக்காவுக்கு என்ன கெடைக்கப் போகுது? நான் புள்ளையோட இங்கதான் இருப்பேன், நீங்க போறதுன்னா போங்க" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வெயில் சாய்வதற்குள் ஓடை ஏறியது. இரைச்சல் இல்லை, சேறு இல்லை, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். பள்ளிக்கூட மாடியிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அழைத்துவந்த விருந்தாளிபோல வாசல்களுக்குள் அது நுழைந்தது, நாற்காலிகள் மெல்லத் திரும்பித் திரும்பி மிதந்தன, பேக்கரியின் சுவரெல்லாம் வெளிச்சம் நெளிந்தது. அழகாக இருந்தது என்று சொல்லக்கூடாது, ஆனால் இருந்தது. பிறகு பேக்கரிக்காரர் வீட்டு வாசல் வழியாகக் குழந்தையின் மெத்தை தனியாக மிதந்து வெளியே வந்தது. அவர் திரும்பி, மனைவி கையிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், இருட்டும்வரை இறக்கவேயில்லை.

அடுத்த நாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வரட்டுமா?" என்றார். அவரைக் கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டிப்போனேன். ஓடையோரப் பாறையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். "மழையே இல்லையே, இது எங்கேருந்துடி வருது?" என்றார். அன்றைக்குப் பெய்ததுதான் என்றேன். "இன்னுமா?" என்றவர், தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு, அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அளவுகோலைப் பார்த்துக் குறிக்க வேண்டிய நேரம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

இருவரும் எல்லாச் சுகமும் பெற்று நிறைவாக இருங்கள். தலை ஈரத்தோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையையும் போகவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசு. காட்டுக்குப் போனதை நீயாகக் கேட்காதே, அவராகவே சொல்லட்டும், தூங்கினதை மட்டும் சொல்ல மாட்டார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா