ஆடாத கேமரா

கெலாங் பாத்தா,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள லெஸ்லிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சமையலறைக் கூரை மட்டும் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் போனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம். கேமராப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையங்களும் கிரீஸும் உள்ளே இருக்கின்றன. முதலில் கடிதத்தைப் படியுங்கள்.

எனக்கு அந்தக் கேமராவைக் கண்டாலே ஆகாது. ஆறு வருடம் புலாவ் அவுர் தீவில் நீங்கள் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் கடலுக்கடியில் விளக்குப் பிடித்தது நான். பிறகு இந்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வந்தது. மெர்சிங் படகுத்துறையில் எல்லோர் முன்னாலும், இனி லைட் பிடிக்க ஆள் வேணாம்லா அபி, இது இருட்டுலயே நல்லா பாக்கும் என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதன் கண்ணாடிக் குமிழைத் துடைக்கும்போது போட்டு உடைத்துவிடலாமா என்று இருந்தது. குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். என்னை ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை.

படம் எடுக்க நீங்கள் சபாவுக்குப் போன ஒரே வாரத்தில் உங்கள் பேச்சில் டொரத்தி வந்துவிட்டாள். ரிசார்ட்டில் டைவிங் சொல்லிக்கொடுப்பவள், நம்ம பக்கத்து பெக்கோக் ஊர்ப் பெண், தினமும் என்னோடு கடலில் இறங்குகிறாள் என்றீர்கள். கடல் தாண்டிப் போயும் பெக்கோக் பெண்தானா கிடைத்தாள்! நீங்கள் அனுப்பிய வீடியோக்களில் ஆமையை யார் பார்த்தது? ஓரத்தில் தெரியும், அவள் நீந்தக் காலில் மாட்டிய மஞ்சள் ஃபின்ஸைத்தான் பார்த்தேன். என் இடத்தில் வேறொருத்தியின் கால். வயிறு எரிந்தது. போன மாதம் போனில் கத்தினேன். அவளோடு இறங்குவதாக இருந்தால் வீட்டுக்கே வர வேண்டாம் என்றேன். நீங்கள், சரிலா, வேற ஆள் பாத்துக்கிறேன் என்றீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டேன்.

இன்று ஆலயம் விட்டு வந்ததும் உங்கள் புது வீடியோக்கள் ஐந்தையும் பெரிய டிவியில் போட்டேன். உங்கள் அம்மா மீன்களைப் பார்த்தார்கள். நான் அவளைத் தேடினேன். மஞ்சள் எங்கும் இல்லை. மனசு குளிர்ந்தது. கடைசி வீடியோவில் நீங்களே நீந்திப் போகிறீர்கள். உங்களை எடுத்தது யார், அவள்தானோ என்று சந்தேகம் வந்து மறுபடி போட்டேன்.

கேமரா கொஞ்சம்கூட ஆடவில்லை. தண்ணீருக்குள் எந்தக் கையும் அப்படி இருக்காது, எனக்குத் தெரியும். சத்தத்தைக் கூட்டினேன். கேமராவைப் பிடித்திருப்பவரின் மூச்சுத்தான் எப்போதும் முதலில் கேட்கும். நீங்கள் கிட்டே வந்தபோது உங்கள் மூச்சு கேட்டது. நீங்கள் தாண்டிப் போனதும் ஒன்றுமே கேட்கவில்லை. கேமராவை மணலில் நிறுத்திவிட்டு நீந்தியிருக்கிறீர்கள். மற்ற நான்கையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எல்லாவற்றிலும் உங்கள் மூச்சு மட்டும்தான்.

வேறு ஆளே பார்க்கவில்லை, அப்படித்தானே? என் வாய்க்குப் பயந்து தனியாக இறங்குகிறீர்கள். காற்று சிலிண்டரைச் சரியாகத் திறக்காமலே மெர்சிங்கில் குதித்தவர் நீங்கள். அன்று உங்கள் முதுகுப் பக்கம் கை விட்டு அதைத் திறந்தது நான். இருட்டில் பார்க்கத் தெரிந்த அந்தக் கேமராவுக்கு அது தெரியுமா?

டொரத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அவள் கோபமாக இருந்தால் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்கிறேன். என் பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள், அவள் பெயரை எழுதும்போதே எரிகிறது. எரியட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உங்கள் மூச்சைக் காக்கட்டும். அடுத்த வீடியோவில் அந்த மஞ்சள் ஃபின்ஸ் எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் விளக்குக்காரி,
அபிகெயில்