மூவர் நின்ற படம்

என் மூத்தவளுக்கு,

நாங்கள் ஊழியத்துக்குக் கடல் தாண்டிப் போகுமுன், சபையார் தங்கள் வீடுகளில் வைத்து ஜெபிக்க நம் குடும்பப் படம் கேட்டார்கள். நேற்று அப்பாவும் தம்பியும் நானும் ஸ்டுடியோவுக்குப் போனோம். என்னை அறியாமல், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றிருக்கிறேன்.

“ஒட்டி நில்லுங்கம்மா. இன்னும் யாராவது வரணுமா?” என்றார் படம் எடுப்பவர்.

“பஸ்ல சீட் புடிக்கிற மாதிரி அக்காவுக்கு இடம் புடிக்கிறாங்க” என்றான் உன் தம்பி. அவனை முறைத்துவிட்டு ஒட்டி நின்றேன்.

படத்துக்குக் கீழே, ‘மூத்த மகள் பிறகு வந்து சேருவாள்’ என்று போடலாமே என்றார், அங்கே வந்திருந்த நம் சபைப் போதகர்.

“கைக்கு வராததை நான் வரவுல எழுதுறதில்லைங்கய்யா. வரலைன்னு அவ தெளிவா சொல்லிட்டா. ஊழியத்தைப் பொய்யோட தொடங்க வேண்டாம்” என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா எனக்கு முன்னாலேயே நடந்தார்.

பெட்டிகளை எடை போட்டுக் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை விமானம். பெற்ற மகளை விடுதியில் விட்டுப் போகிறாள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். எங்களை அழைத்தவர் உன்னையும் பார்த்துக்கொள்வார்.

வழியனுப்ப நீ வந்தால், ‘கூடவே வந்துவிடு’ என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அதற்குப் பயந்து வராமல் இருந்துவிடாதே.

உன் அம்மா